கை முழங்காலுக்கு வரும்வரை

பாடத் தெரியுமா என்று இன்டர்வியூவில் உங்களையெல்லாம் கேட்டிருப்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தொழில் பக்கமே வந்திருக்க மாட்டேன். என் குரல் அந்த லட்சணம். வீட்டில் நான் எதையாவது முணுமுணுத்தால் என் வீட்டுக்காரர், "வசந்தா, குக்கர் விசில் அடிக்குது பாரு" என்பார். அடுப்பில் குக்கரே இருக்காது.

அப்பேர்ப்பட்ட நான் ஜப்பான் குழந்தைகளுக்குப் பாட்டு டீச்சராக இருந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். முவைலா நர்சரியில் என்னோடு கடைசி வருஷம் வேலை பார்த்த நீங்கள் நாலைந்து பேரும், "வசந்தா மிஸ், உங்க கிட்ட மட்டும் பிள்ளைங்க எப்படி அடங்குது, மந்திரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று நச்சரித்தீர்களே, அதற்குப் பதில்தான் இது. ரிட்டயராகி வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகு இப்போதுதான் எழுத முடிந்தது. பாடத்திட்டம், ஃபைல், அப்சர்வேஷன் ஷீட் இதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்ல உங்கள் கோஆர்டினேட்டர் இருக்கிறார், பாவம், அவருக்கும் ஒரு வேலை வேண்டாமா. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிற நேரம் ஒன்று நம் தொழிலில் எல்லாருக்கும் வரும். அந்த நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் கத்தாரில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்டில் டூட்டி. பெண்ணும் பையனும் பெரிய ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? குடியிருப்பை ஒட்டி ஒரு நர்சரி இருந்தது. அதில் ஆயாவுக்கு மேலே, டீச்சருக்குக் கீழே என்று ஒரு வேலை கிடைத்தது. அசிஸ்டென்ட் என்று பெயர். மூக்குத் துடைப்பது, பாத்ரூம் கூட்டிப் போவது, சிந்தின பாலைத் துடைப்பது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

கேஸ் பிளான்ட் வேலைக்கு வந்த ஜப்பான் இன்ஜினியர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கென்று எங்கள் நர்சரியில் தனி வகுப்பு. ஒன்பது குழந்தைகள், மூன்று வயதிலிருந்து ஐந்து வரை. டீச்சரும் ஜப்பான்காரிதான், இருபத்தாறு வயதுப் பெண், என்னை மரியாதையாக "வசந்தா-சான்" என்பாள். ஜப்பான் மொழியில் டீச்சருக்கு "சென்செய்" என்று பெயர், அதனால் நானும் அவளை சென்செய் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஓடியது அரைகுறை இங்கிலீஷ். நான் பாதி முழுங்குவேன், அவள் மீதி முழுங்குவாள்.

அந்த வகுப்பில் எதற்கெடுத்தாலும் கை விளையாட்டுப் பாட்டு. கதை சொல்வதற்கு முன்னால் ஒன்று, சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று, வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. மே மாதம் பிறந்ததும் எல்லாம் வெயில் காலப் பாட்டாக மாறிவிடும். தர்ப்பூசணிப் பாட்டு, கடல் பாட்டு, வாணவேடிக்கைப் பாட்டு, சில்வண்டுப் பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் கையில் ஒரு உருவம். இரண்டு கையையும் வளைத்தால் தர்ப்பூசணி, பக்கவாட்டில் வெட்டினால் கத்தி, விரலை ஒவ்வொன்றாகத் தெறித்தால் விதை துப்புகிறது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும், உள்ளே ஏசியில் ஒன்பதும் உட்கார்ந்து கையாலேயே கடலில் குளிக்கும். சில்வண்டு எப்படிக் கத்தும் என்று அதுகளில் பாதிக்குத் தெரியாது. ஒருத்தன் ஏசி வெளியூனிட் சத்தத்தைக் காட்டி அதுதான் சில்வண்டு என்றான். நானும் சென்செய்யும் சிரித்து மாய்ந்தோம்.

ஒரு விஷயம் எனக்கு முதலிலேயே பிடித்துப்போனது. பிள்ளையை "வா" என்று கூப்பிட நாம் எப்படிக் கையைக் காட்டுவோம்? உள்ளங்கை கீழே பார்க்க நாலு விரலையும் அசைப்போம் இல்லையா? ஜப்பானிலும் அச்சு அசல் அதேதான். எங்கள் பிரின்சிபால் வெள்ளைக்கார அம்மா. அவர் ஒற்றை விரலை மேலே நீட்டிச் சுண்டிச் சுண்டிக் கூப்பிடுவார். பிள்ளைகள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்கும். நான் நம்மூர்க் கையைக் காட்டினால் ஓடி வரும். "நீங்க 'போ'ன்னுதானே கையை ஆட்டினீங்க, எப்படி வந்துச்சுங்க?" என்று பிரின்சிபாலுக்கு ஒரே ஆச்சரியம்.

மே கடைசியில் இடி விழுந்தது. சென்செய் ஆறு மாத கர்ப்பம். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு ஜப்பான் டீச்சர் கிடைக்க வழியில்லை. பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார்.

"ஜூன் கடைசியில சம்மர் கேதரிங் இருக்கு. அதுவரைக்கும் வகுப்பை நீங்க பார்த்துக்கங்க. கேதரிங் முடிஞ்சதும் அம்மாக்களைக் கேட்பேன். அவங்களுக்குத் திருப்தி இல்லைன்னா செப்டம்பர்ல இருந்து ஜப்பான் வகுப்பு கிடையாது. பிள்ளைங்களை இங்கிலீஷ் வகுப்புல கலந்துடுவேன்."

"அப்ப நான், மேடம்?"

"இங்கிலீஷ் வகுப்புல ஏற்கெனவே ரெண்டு அசிஸ்டென்ட் இருக்காங்களே."

எனக்குப் புரிந்துவிட்டது. என் வேலை போய்விடுமே என்ற கவலை இருந்தது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் அதைவிட ஒன்று உறுத்தியது. அந்தப் பிள்ளைகள் இரண்டு மூன்று வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடும். அங்கே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கிப் பாடும்போது நம் பிள்ளை மட்டும் திருதிருவென்று முழிக்குமே என்பதுதான் அந்த அம்மாக்களின் பயம். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற எனக்கு அது தெரியாதா? என் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே நாக்குத் தள்ளும்.

சரி, செய்வோம் என்று இறங்கினேன். பாட்டை எல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். சமைக்கும்போது பாடினேன், துணி மடிக்கும்போது பாடினேன். வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைக்காத குறை. "கையைக் கட்டிப் போட்டா உனக்குப் பேச்சே வராது, அந்தக் கையை வெச்சுப் பொழச்சுக்கோ" என்றார். மனுஷன் கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் நடந்தது. பிள்ளைகள் என் குரலைக் கண்டுகொள்ளவே இல்லை. கையைத்தான் பார்த்தன.

முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நீங்களும் செய்வீர்கள்.

தர்ப்பூசணிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு ரஹீம் பாய் பால் டிராலியைத் தள்ளிக்கொண்டு வருவார். கிச்சன்காரர், நல்ல மனுஷர், ஆனால் வாய் மட்டும் லவுட் ஸ்பீக்கர். "யல்லா யல்லா, மில்க் ஆ கயா!" என்று, பால் வந்தாச்சு சீக்கிரம் வாங்க என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தார். நமக்குத்தான் தெரியுமே, நம் வீடுகளில் சாப்பாடு வந்துவிட்டால் உலகமே நிற்கும். சோறு எதிரில் இருக்கும்போது வேறு என்ன வேலை என்றுதான் வளர்ந்திருக்கிறோம். நானும் பாதிப் பாட்டில், "போதும் போதும், பால் குடிங்க" என்று கிளாஸை நீட்டிவிட்டேன்.

எட்டுப் பிள்ளைகள் கசகசவென்று இரைச்சல் போட ஆரம்பித்தன. ஒன்று பாலைக் கொட்டியது, ஒன்று அடுத்ததைத் தள்ளியது. ஒன்பதாவது மியு. நாலு வயது, வகுப்பிலேயே அமைதியான பெண். அவள் இரண்டு கையையும் தர்ப்பூசணியாக வளைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பால் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். கையை நான் இறக்கிவிட்டால் திரும்பவும் தூக்குவாள். அழவும் இல்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பன்னிரண்டரைக்கு அவள் அம்மா வந்தபோதும் வாயில் ஒன்றும் போடவில்லை. அம்மாவிடம் ஏதோ ரகசியமாகச் சொன்னாள்.

அவள் அம்மா எனக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டு இங்கிலீஷில் சொன்னாள். "மன்னிக்கணும். தர்ப்பூசணி இன்னும் முடியலைன்னு சொல்றா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்டாள் பாருங்கள், அதுதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே சென்செய் வீட்டுக்குப் போனேன். படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "வசந்தா-சான், எல்லாப் பாட்டிலும் கடைசியில கை எங்கே வருது?"

யோசித்துப் பார்த்தேன். தர்ப்பூசணியோ கடலோ எதுவானாலும் கடைசி வரியில் இரண்டு கையும் முழங்காலில் வந்து உட்காரும். நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"பாட்டு அதுக்குத்தான்" என்றாள். "கை முழங்காலுக்கு வந்ததும் பிள்ளை தானா நிமிர்ந்து நம்ம முகத்தைப் பார்க்கும். அப்ப சொல்றதுதான் காதுல ஏறும். பாதியிலே விட்டா அந்தக் கையை எங்கே கொண்டு போய் வைக்கணும்னு பிள்ளைக்குத் தெரியாது."

"நேரம் இல்லைன்னா?"

"நேரம் இல்லைன்னா நடுவுல இருக்கறதை விட்டுடுங்க. கடைசி வரியை மட்டும் விடாதீங்க."

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். படுக்கையில் கிடந்தபடி எனக்குப் புத்தி சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் முதல் வேலையாக மியுவின் எதிரில் உட்கார்ந்து தர்ப்பூசணியை முதல் வரியிலிருந்து பாடி முடித்தேன். அவள் கை முழங்காலுக்கு வந்தது. ஒரு பெருமூச்சு விட்டாள். அப்புறம் பால் கேட்டாள்.

கேதரிங் நாள் வந்தது. ஹாலில் அம்மாக்கள் ஒன்பது பேரும் முன்வரிசையில். மூன்று அப்பாக்கள் டூட்டியில் பர்மிஷன் போட்டுக் கம்பெனி யூனிஃபார்மோடே வந்திருந்தார்கள். பின்னால் இங்கிலீஷ் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். எங்கள் பிள்ளைகள் யுகாடா என்கிற பூப்போட்ட பருத்தி உடுப்பில், வெறுங்காலோடு, மேடையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செருப்பையெல்லாம் மேடைக்குப் பக்கத்தில் வெளியே திறக்கிற சின்னக் கதவின் ஓரம் வரிசையாக வைத்திருந்தோம். அவர்கள் வழக்கப்படி செருப்பின் மூக்கு வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும். கழற்றினதும் திருப்பி வைக்கணும். மூன்று வயதுக் குட்டிகூட அதைச் செய்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

பிரின்சிபால் ஹாலின் பெரிய கதவு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தர்ப்பூசணி முடிந்தது, கடல் முடிந்தது, அம்மாக்கள் கை தட்டினார்கள். கடைசியாக வாணவேடிக்கைப் பாட்டு. கையைக் குவித்து மெதுவாக மேலே கொண்டுபோய், உச்சியில் பட்டென்று விரிக்க வேண்டும். பதினெட்டுக் கையும் மேலே போய்க்கொண்டிருக்கும்போது ஃபயர் அலாரம் அடித்தது.

அந்தச் சத்தத்தை ஹாலுக்குள் கேட்டிருக்கிறீர்களா? காது கிழிந்துவிடும். இங்கிலீஷ் வகுப்பில் அழுகை கிளம்பியது. நாற்காலிகள் சாய்ந்தன. பிரின்சிபால் பெரிய கதவைத் திறந்து, "எல்லாரும் இங்கே, இங்கே!" என்று விரலைச் சுண்டினார். அம்மாக்கள் ஒன்பது பேரும் துள்ளி எழுந்தார்கள். ஒன்பது பேரும் மேடைக்குப் பாய்ந்து ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே படியில் இறங்கினால் என்ன ஆகும்? என் பிள்ளைகளில் சிலது காதைப் பொத்திக்கொண்டது. சிலது பாய்க்கு அடியில் நுழையப் பார்த்தது. மியு மேலே தூக்கின கையோடு என்னையே பார்த்தாள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றேனே, அது அந்த நிமிஷம்தான். அலாரம் அடித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு என்பது விதி. சரியான விதி, நானும் உங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனால் மேலே போன கை அப்படியே நிற்கிறது, கீழே வெறுங்கால். பெரிய கதவுக்கு வெளியே ஜூன் மாத வெயிலில் வெந்துகொண்டிருக்கும் தார் ரோடு. இந்தப் பிள்ளைகளைப் பாதியில் விட்டால் பாய்க்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத்தான் நேரம் ஆகும்.

நடுவில் இருந்ததை விட்டேன். கடைசி வரியை எடுத்தேன். என் குக்கர் விசில் குரல் இருக்கிறதே, அன்றைக்குத்தான் அது எதற்குப் படைக்கப்பட்டது என்று தெரிந்தது. அலாரத்துக்கு மேலே போயிற்று ஐயா! கையை விரித்து, இறக்கி, முழங்காலில் தட்டி வைத்தேன். ஒன்பது பிள்ளைகளும் கையை விரித்து, இறக்கி, முழங்காலில் வைத்தார்கள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

இதோடு முடியவில்லை. ஒரு கண்ணால் கீழே பார்த்தேன். பாய எழுந்த அம்மாக்கள் ஒன்பது பேரும் திரும்ப அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கையும் முழங்கால் மேலே! யூனிஃபார்ம் போட்ட அந்த மூன்று இன்ஜினியர்களும் அதேபோல, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு வாயை மூடி என்னைப் பார்த்தார்கள். மூன்று வயதில் அவர்கள் டீச்சர் பழக்கினது உடம்பை விட்டுப் போகவே இல்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மெதுவா, என் பின்னால" என்று தமிழில்தான் சொன்னேன், வேறு மொழி அப்போது வாயில் வரவில்லை. உள்ளங்கையைக் கீழே காட்டி விரலை அசைத்தேன். வந்தார்கள். பெரிய கதவுக்குப் போகவில்லை, சின்னக் கதவுக்குப் போனேன். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. திறந்து பார்த்தேன், புகை இல்லை. செருப்புகள் மூக்கை வெளியே நீட்டிக் காத்திருந்தன. நின்று குனிந்து மாட்டுகிற வேலையே இல்லை, நடந்த நடையில் காலை நுழைத்துக்கொண்டு ஒன்பதும் வெளியே வந்துவிட்டன. பின்னாலேயே அம்மா அப்பா எல்லாரும் ஒரே வரிசை. காம்பவுண்டு சுவர் நிழலில் உட்கார வைத்து எண்ணினேன். ஒன்பது. திரும்ப எண்ணினேன். ஒன்பதேதான்.

அந்தப் பக்கம் கார் பார்க்கிங்கில் இங்கிலீஷ் வகுப்பு அழுது தீர்த்துக்கொண்டிருந்தது. பிரின்சிபால் முகம் சிவக்க, வேர்வை வழிய என்னிடம் வந்தார். "நான் கூப்பிட்ட கதவுக்கு ஏன் வரலை?"

"பிள்ளைங்க வெறுங்கால் மேடம். செருப்பு இந்தக் கதவுல இருந்துச்சு. கதவைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் திறந்தேன்."

அவர் குனிந்து ஒன்பது ஜோடிக் காலையும் பார்த்தார். தார் ரோட்டையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நெருப்பு எங்கேயும் இல்லை. கேதரிங்குக்காகக் கிச்சனில் பாப்கார்ன் மெஷின் வைத்திருந்தார்கள், அது கருகிப் புகைந்திருக்கிறது. ரஹீம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "கலாஸ், என் நவுக்ரி கலாஸ்" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவர் வேலை போகவில்லை. ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஆபத்து இல்லை என்று கையைக் காட்டினார்கள்.

அப்போது மியு என் புடவை முந்தானையை இழுத்தாள். ஏதோ சொன்னாள். அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "நடுவுல இருந்த வாணவேடிக்கை பாக்கி இருக்காம்."

பாக்கி வைக்கலாமா? அந்தச் சுவர் நிழலிலேயே முதல் வரியிலிருந்து பாடினோம். பிள்ளைகள் பாடினார்கள், அம்மாக்கள் பாடினார்கள், இன்ஜினியர்கள் பாடினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு ஃபயர்மேனும் கையைக் குவித்து மேலே கொண்டுபோய்ப் பட்டென்று விரித்தார். அழுதுகொண்டிருந்த இங்கிலீஷ் வகுப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேடிக்கை பார்த்தது. கடைசியில் எல்லாக் கையும் முழங்காலுக்கு வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெயில் என்று சொல்லி மறைத்தேன்.

பிரின்சிபால் அங்கேயே அம்மாக்களைக் கேட்டார். செப்டம்பரில் வகுப்பு வேண்டுமா, கலந்துவிடலாமா? அவர்களுக்குள் பேசிக்கொள்ளக்கூட இல்லை. மியுவின் அம்மா எழுந்து நின்று, "எங்களுக்கு வகுப்பு வேணும். வசந்தா சென்செய் வேணும்" என்றாள்.

சென்செய். அந்த வார்த்தை எனக்கு! மூக்குத் துடைக்க வந்தவளுக்கு! அன்று சாயங்காலம் படுக்கையில் இருந்த சென்செய் வீட்டுக்கு ஓடிப்போய் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கடைசியில், "குழந்தை உள்ளே உதைக்குது, போதும்" என்று கும்பிட்டாள். நல்லபடியாகப் பெற்று எடுத்தாள், பெண் குழந்தை. அவள் திரும்பி வந்தபோதும் அந்த வகுப்பில் நாங்கள் இரண்டு சென்செய்.

உங்கள் வகுப்பில் ஜப்பான் பிள்ளைகள் இல்லாமல் இருக்கலாம். எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால் என்ன, தொடங்கினதை அதன் கடைசி வரிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். அவசரமா, நடுவில் வெட்டுங்கள். முடிவை வெட்டாதீர்கள். மந்திரம் மந்திரம் என்றீர்களே, என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தர்ப்பூசணிப் பாட்டு பாதியில் இருக்கும்போது மணி பத்தாகிவிட்டது. கதவு திறந்தது. நான் திரும்பவில்லை, பாடிக்கொண்டே இருந்தேன். "யல்லா" வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பாட்டு முடிந்து பிள்ளைகள் கை முழங்காலுக்கு வந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். டிராலியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ரஹீம் பாய் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் எப்படியோ உடம்பை அடக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.